டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்துக்கொள்கிறீர்களா? உங்களுக்கான துணையைத் தேடிக்கொள்வது எப்படி?

அம்மாவுக்கு டிமென்ஷியா என்று மருத்துவர் சொன்ன நாளுக்கும், நான் முதன்முதலாக ஓர் ஆதரவுக் குழுவில் போய் உட்கார்ந்த நாளுக்கும் நடுவில் இரண்டே கால் வருடம் ஓடிவிட்டது. அதுவரை துணை தேவைப்படவில்லை என்றில்லை. 'அந்த அளவுக்கு இன்னும் மோசமாகலை' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மோசமானபோது, எங்கே குழு இருக்கிறது, எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று விசாரிக்கக்கூடத் தெம்பில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான்: தெம்பு இருக்கும்போதே தேடுங்கள். நோய் இப்போதுதான் தெரியவந்திருக்கிறது என்றால் இதுதான் சரியான நேரம்.

ஆறுதலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. அல்சைமர் நோயுள்ள கணவரையோ மனைவியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட 406 பேர் அதில் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு ஆறு முறை ஆலோசனை கிடைத்தது. அதில் குடும்பத்தாரையும் கூட்டிவைத்துப் பேசினார்கள். அதோடு ஆதரவுக் குழு, எப்போது வேண்டுமானாலும் போனில் கூப்பிட்டுப் பேச ஓர் ஆலோசகர். மற்றவர்களுக்கு வழக்கமான உதவி மட்டும். 2006-ல் வெளியான முடிவின்படி, முழு உதவி கிடைத்த குடும்பங்கள் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நாள் சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. ஏறக்குறைய ஒன்றரை வருடம். பார்த்துக்கொள்பவருக்குத் தோள் கொடுத்தால் நோயாளி அவ்வளவு காலம் கூடுதலாகத் தன் வீட்டிலேயே இருக்கிறார்.

முதல் வேலை: எந்த வகை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

டிமென்ஷியா ஒரே நோயின் பெயர் இல்லை. மூளையைப் பாதிக்கும் பல நோய்களால் ஞாபகமும் யோசிக்கும் திறனும் குறைந்துபோகும் நிலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர். மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு வருவது ஒரு வகை. மூளைச் செல்களில் ஒருவகைப் புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்து வரும் லூயி பாடி என்று இன்னொன்று. மூளையின் முன்பகுதியிலும் பக்கவாட்டிலும் தொடங்கும் ஃப்ரன்டோடெம்பரல் வகையும் உண்டு.

ஆதரவு தேடுகிறவருக்கு இந்த விவரம் எதற்கு? நான் பார்த்ததைச் சொல்கிறேன். குழுவில் ஒருவர், "எங்க அப்பாவுக்கு இந்த மாத்திரை கொடுத்தாங்க, நல்லாத் தூங்கினார்" என்று நல்ல மனதோடுதான் எழுதுவார். லூயி பாடி உள்ளவருக்கு, ஆவேசத்தை அடக்கத் தரும் சில மனநோய் மருந்துகள் உடம்பையே விறைக்க வைத்து உயிருக்கு ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். ஒரு வீட்டுக்குப் பொருந்தியது இன்னொரு வீட்டுக்கு விஷம். ஃப்ரன்டோடெம்பரல் வகை பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையில் வருகிறது. ஞாபகம் போவதற்கு முன்பே குணமோ பேச்சோ மாறிவிடும். நாற்பத்தெட்டு வயதுக் கணவரைப் பார்த்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வைத்திருக்கும் பெண், எண்பது வயதுப் பெற்றோரின் பிள்ளைகள் கூடும் குழுவில் போய் உட்கார்ந்தால் அங்கேயும் தனியாகத்தான் இருப்பார். இளவயது டிமென்ஷியாவுக்கென்றே தனிக் குழுக்கள் இருக்கின்றன. அவர் அங்கே போக வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வகை? இப்போது எந்தக் கட்டம்? எந்த மருந்துகளைக் கொடுக்கவே கூடாது? பதிலைப் போனில் இல்லாமல் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தக் காகிதம் பின்னால் வேறு பல வேலைகளுக்கும் உதவும்.

ஒரு வாரம் குறிப்பெடுங்கள்

"எனக்கு என்ன வேணும்னே தெரியலை" என்றுதான் புதிதாக வருபவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏழு நாள் எழுதுங்கள். என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, எப்போது பொறுமை போனது. இவ்வளவு போதும்.

என் நோட்டில் இருந்தது இது: செவ்வாய், குளிக்க வைக்க ஒன்றே முக்கால் மணி நேரம், இரண்டு தடவை கத்தினேன். புதன், சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை வாசற்கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். ஏழு ராத்திரியில் நான்கு ராத்திரி தூங்கவே இல்லை. அதுவரை நான் நோயைப் பற்றிய கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது தகவல் இல்லை, தூக்கம். நோட்டைப் பார்த்தபிறகுதான் அது உறைத்தது.

உலக அளவில் டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார் 2019-ல் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேரம் அதற்குச் செலவிட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உங்கள் நோட்டில் அது பத்து, பன்னிரண்டு என்று வந்தால், பேச்சுத்துணை மட்டும் போதாது, வேலையையே வேறொரு கைக்கு மாற்ற வேண்டும் என்று அர்த்தம். ஐந்து மணி நேரத்துக்குள் இருந்தும் மனம் கனத்துக் கிடக்கிறதென்றால் உங்களுக்குப் பேச ஆள் வேண்டும். வங்கி, கையெழுத்து, சொத்து என்றுதான் தலை சுற்றுகிறதென்றால், அவரால் இன்னும் புரிந்து கையெழுத்துப் போட முடிகிற காலத்திலேயே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். அந்தக் கதவு ஒருமுறை மூடிவிட்டால் திறப்பது மிகவும் சிரமம்.

மனநல ஆலோசகரிடம் போனால் ஸாரிட் அளவுகோல் என்ற 22 கேள்விகளைத் தரக்கூடும். உங்களுக்கென்று நேரமே இல்லை என்று தோன்றுகிறதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்ற மாதிரியான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 88. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதிகமாக வந்தால் நீங்கள் கெட்டவர் என்று ஆகாது, உதவி சீக்கிரம் வர வேண்டும் என்று ஆகும்.

இணையத்தில்: ராத்திரி இரண்டு மணிக்கும் ஆள் இருப்பார்கள்

வீட்டை விட்டு நகர முடியாதவருக்கு இணையக் குழுதான் முதல் வாசல். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். வாரம் ஒரு நாள் குறித்த நேரத்தில் ஜூம் போன்ற வீடியோ வழியாகக் கூடும் குழுக்கள் உண்டு. பேச விரும்பாதவர் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஒரு ராத்திரி அம்மா தன் துணிகளையெல்லாம் மடித்து ஒரு பையில் அடுக்கிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும், கதவத் திற" என்று நின்றார். மணி இரண்டு பத்து. "இதுதாம்மா உங்க வீடு, முப்பது வருஷமா இங்கதான இருக்கீங்க" என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. பாத்ரூமுக்குள் போய்க் குழுவில் இரண்டு வரி எழுதினேன். நான்கு நிமிஷத்தில் யாரோ ஓர் அக்கா பதில் போட்டார்: "இதுதான் வீடுன்னு சொல்லாதீங்க. அந்த வீடு எப்படி இருக்கும்னு கேளுங்க. பக்கத்துல உக்காந்து கேளுங்க." போய்க் கேட்டேன். திண்ணை, கிணறு, கிணற்றடியில் தம்பி வழுக்கி விழுந்தது, அதற்காக அவர் அடி வாங்கியது என்று அரை மணி நேரம் சொன்னார். பிறகு செருப்போடு கட்டிலில் சாய்ந்து தூங்கிவிட்டார். பையை நான் எடுத்து வைக்கவில்லை. காலையில் அவரே துணிகளை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

'வீட்டுக்குப் போகணும்' என்பது முகவரியைக் கேட்பது இல்லை, பயமாக இருக்கிறது என்று சொல்வது. எந்தக் கையேட்டிலும் இதைப் படித்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில், அந்த இரண்டு வரியாக, அதே அனுபவம் பட்ட ஒருவரிடமிருந்து வரும்போதுதான் கையில் பிடித்துக்கொள்ள முடிந்தது.

குழுவில் சேர்ந்ததும் ஒரு வாரம் சும்மா படியுங்கள். நல்ல குழுவுக்கு அடையாளம் சுலபம்: யார் நடத்துகிறார்கள் என்று வெளிப்படையாக இருக்கும், விதிகள் எழுதப்பட்டிருக்கும், மருந்து பற்றிய கேள்வி வந்தால் 'டாக்டரைக் கேளுங்கள்' என்று யாராவது உடனே சொல்வார்கள். பிறகு கேளுங்கள். கேட்கும் விதத்தில்தான் பதிலின் தரம் இருக்கிறது. 'அம்மா ரொம்பப் படுத்துறாங்க, என்ன பண்றது?' என்று எழுதினால் அனுதாபம் வரும், வழி வராது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'அம்மாவுக்கு 76 வயது, அல்சைமர், நடுக்கட்டம். பத்து நாளாகக் குளிக்க மறுக்கிறார். தண்ணீர் மேலே பட்டதும் கத்துகிறார். காலையில் முயன்றேன், ஷவருக்குப் பதில் வாளியும் பார்த்தேன். வேறு யாருக்காவது வழி தெரியுமா?' வயது, வகை, கட்டம், எத்தனை நாளாக, என்ன முயன்றீர்கள். இவை இருந்தால் பதினைந்து நிமிஷத்தில் நான்கைந்து உருப்படியான யோசனை வந்துவிடும். ஈரத் துண்டால் துடைத்துவிடுங்கள், முதலில் காலை மட்டும் நனையுங்கள், மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டே குளிக்க வையுங்கள் என்று.

இரண்டு விஷயங்களில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஒன்று, நோயாளியின் போட்டோவையோ வீடியோவையோ குழுவில் போடாதீர்கள். அவர் குழம்பி நிற்பதை, அழுவதை, உடை நழுவியதைப் படமெடுக்க அவர் சம்மதம் தரவில்லை. தெளிவாக இருந்திருந்தால் தந்திருக்கவும் மாட்டார். மருத்துவரிடம் காட்ட எடுத்தால் மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். முழுப்பெயர், முகவரி, வங்கி விவரம் எதுவும் வேண்டாம். இரண்டு, 'முழுமையாகக் குணமாக்குகிறோம்' என்று தனிச் செய்தி அனுப்புபவருக்குப் பதிலே போடாதீர்கள். அல்சைமரையோ மேலே சொன்ன மற்ற வகைகளையோ முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்று இல்லை. தவிக்கிற குடும்பம் எங்கே கூடுகிறதோ அங்கே இப்படி விற்க வருபவரும் கூடுவார்.

முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட் பாடத்திட்டம் இருக்கிறது. 5 பகுதி, 23 பாடம். டிமென்ஷியா என்றால் என்ன என்பதில் தொடங்கி, பார்த்துக்கொள்பவர் தன்னைப் பார்த்துக்கொள்வது, அன்றாடப் பராமரிப்பு, மாறிப்போன நடத்தையைச் சமாளிப்பது வரை போகிறது. பல மொழிகளில் மாற்றியிருக்கிறார்கள். வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயமில்லை, உங்கள் நோட்டில் எது அதிகம் வந்ததோ அந்தப் பாடத்தை முதலில் எடுங்கள்.

நேரில்: எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம்

நேரில் கூடும் குழுக்களை எப்படிக் கண்டுபிடிப்பது? நரம்பியல், மனநலம், முதியோர் நலம் ஆகிய பிரிவுகள் உள்ள மருத்துவமனைகளில் மருத்துவரைவிடச் சமூகப் பணியாளரிடமும் செவிலியரிடமும் கேளுங்கள். அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். 1984-ல் தொடங்கிய சர்வதேச அல்சைமர் சங்கத்தில் நூறுக்கு மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் உறுப்பாக இருக்கின்றன. உங்கள் நாட்டுச் சங்கம் எது என்று அதன் தளத்தில் பார்த்து, அங்கிருந்து உங்கள் பகுதிக்கு வரலாம்.

போவதற்கு முன் ஒருமுறை போன் செய்யுங்கள். யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர் வருவார்கள், பேசாமல் உட்கார்ந்திருக்கலாமா, நோயாளியையும் கூட்டிவரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை உள்ள குழுவில் எல்லாருக்கும் பேச நேரம் கிடைக்கும் என்பது என் அனுபவம். முதல் நாள் பிடிக்காமல் போகலாம். அடுத்த கட்டத்தில் இருப்பவர்களின் கதையைக் கேட்டு பயந்துபோய்த் திரும்புபவர்கள் நிறைய. மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எங்கள் குழுவில் பெரியவர் ஒருவர் மூன்று கூட்டம் வாயே திறக்கவில்லை. நான்காவது கூட்டத்தில் அவர் முறை வந்தபோது, கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "முந்தாநாள் அவ மேல கை ஓங்கிட்டேன்" என்றார். "நாப்பத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல." யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு எதிரே இருந்த பெண், "நான் எங்க மாமியாரத் தள்ளி விட்டிருக்கேன் சார்" என்றார். குழுவை நடத்தியவர் இருவரையும் திட்டவும் இல்லை, 'பரவாயில்லை' என்று சொல்லி விடவும் இல்லை. அந்த இடத்திலேயே, கோபம் தலைக்கேறினால் எந்த அறைக்குப் போவது, யாருக்குப் போன் செய்வது, அந்தப் பத்து நிமிஷம் மனைவி பத்திரமாக இருக்க எந்தக் கதவைப் பூட்டுவது என்று அவரோடு உட்கார்ந்து எழுதினார். மறுநாள் காலை அவருக்குப் போனும் செய்தார். (பெரியவரிடமும் அந்தப் பெண்ணிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். குழுவில் பேசியது குழுவை விட்டு வெளியே போகக்கூடாது.)

இணையத்தில் அவர் இதை எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியிருந்தாலும், அந்தக் கைக்குட்டையைப் பார்க்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இரண்டு வகை உதவியும் வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் அதுதான்.

நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்கு 'அல்சைமர் கஃபே' என்ற வகைக் கூட்டம் பொருந்தும். நெதர்லாந்தில் பேரே மீசன் என்ற உளவியலாளர் 1997-ல் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. நோயுள்ளவரும் குடும்பத்தாரும் சேர்ந்தே வருவார்கள். நோயை மறைத்து வைக்க வேண்டிய அவசியமில்லாத ஓர் இடம் என்பதே அதன் நோக்கம்.

வேலையைக் கை மாற்றுவது

கூட்டத்துக்குப் போகவும், தூங்கவும், பல் வலிக்கு மருத்துவரைப் பார்க்கவும்கூட, சில மணி நேரம் வேறொருவர் பார்த்துக்கொண்டால்தான் முடியும். பகல்நேரப் பராமரிப்பு மையம், வீட்டுக்கு வரும் உதவியாளர், சில நாள் தங்கவைக்கும் இல்லம் என்று வழிகள் உண்டு. எதுவானாலும் திடீரென்று செய்யாதீர்கள். புது ஆள் முதல் நாள் இருபது நிமிஷம் வந்து, நீங்களும் இருக்கும்போது, அவரோடு சேர்ந்து துணி மடிக்கட்டும். அடுத்த முறை நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். அதற்கடுத்து அரை மணி நேரம் வெளியே போய் வாருங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகு உங்கள் இல்லாமை அவருக்குப் பெரிதாகத் தெரியாது.

வருபவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். அவரை எப்படிக் கூப்பிட வேண்டும், எந்தப் பாட்டுக்கு முகம் மலரும், எந்தப் பேச்சை எடுக்கக்கூடாது, கழிவறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவார், எந்த மருந்து ஆகாது. முதலில் எழுதச் சொன்ன காகிதம் இங்கே சேரும்.

கூடப்பிறந்தவர்கள் விஷயம் தனி. டிமென்ஷியா பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்கள்தான் தருகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் ஒரு மகளோ மருமகளோ எல்லாவற்றையும் சுமப்பதும், மற்றவர்கள் போனில் "நல்லாத்தான பேசுறாங்க?" என்று கேட்பதும் எங்கும் நடக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. பத்து நிமிஷப் பேச்சில் நோயாளிகள் பலர் தங்களைத் திரட்டிக்கொண்டு நன்றாகப் பேசிவிடுவார்கள். விளக்கிச் சொல்லி மாளாது, மூன்று நாள் அவர்களையே தனியாகப் பார்த்துக்கொள்ள வைப்பதுதான் வழி. தூரத்தில் இருப்பவருக்கும் வேலை கொடுங்கள்: மருத்துவரிடம் நேரம் வாங்குவது, பில் கட்டுவது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீடியோவில் அவரோடு பேசிக்கொண்டிருப்பது. 'ஏதாவது செய்யணுமா?' என்று கேட்பவரிடம் 'ஒண்ணும் வேண்டாம்' என்று சொல்லிச் சொல்லியே நான் இரண்டு வருடம் எல்லாரையும் தள்ளி நிறுத்தியிருந்தேன்.

குழுவில் கேட்கக்கூடாத நேரம்

நேற்று வரை ஒரு மாதிரி இருந்தவர் இன்று திடீரென்று மிகவும் குழம்பினாலோ, தூங்கி வழிந்தாலோ, இல்லாததைப் பார்த்துப் பயந்தாலோ அது நோய் முற்றியதாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைவது, புதிதாகத் தொடங்கிய மருந்து, இவையெல்லாம் இப்படிச் செய்யும். சரிசெய்யக் கூடியவை. அன்றே மருத்துவரிடம் போங்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டாலும், விழுங்க முடியாமல் திணறினாலும் அப்படியே.

'நாங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டா நல்லது' என்ற நினைப்பு உங்களுக்கு வந்தாலும் அது குழுவில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் விஷயமில்லை. உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ மருத்துவரையோ கூப்பிடுங்கள், ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். களைத்துப்போன மனதில் அந்த நினைப்பு வருவதுண்டு. சொன்னால் உங்களை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

பிறகு

ஆள் கண்முன்னே இருக்கும்போதே அவரை இழந்துகொண்டிருக்கும் துக்கத்துக்கு, பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் ஒரு பெயர் வைத்தார். 'தெளிவில்லாத இழப்பு' என்று தமிழில் சொல்லலாம். அதனால்தான் பலர் நோயாளி இறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அழத் தொடங்குகிறார்கள். இறந்த அன்று அழுகை வராமல் திகைத்தும் நிற்கிறார்கள். இரண்டும் இயல்பு.

பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த பிறகோ, அவர் காலமான பிறகோ குழுவிலிருந்து உடனே விலகிவிடாதீர்கள். பெரும்பாலான குழுக்கள் சில மாதங்கள் வரச் சொல்கின்றன, துக்கத்துக்கென்று தனிக் கூட்டம் நடத்துபவர்களும் உண்டு. அம்மா போய் ஆறு வாரம் கழித்து நான் கூட்டத்துக்குப் போனேன். பெரியவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். எதுவும் கேட்கவில்லை. அன்று புதிதாக ஒரு பையன் வந்திருந்தான், அப்பாவுக்கு நோய் தெரிந்து பத்தே நாள் ஆகியிருந்தது. கூட்டம் முடிந்ததும் அவனிடம் என் நம்பரைக் கொடுத்தேன். ராத்திரி இரண்டு மணி என்றாலும் எழுதலாம் என்றேன்.